ஃப்ளாஷ் உள்ள கருவிக்குக் கோப்பு முறைமை தேர்ந்தெடுப்பது எப்படி: சிப்பிலிருந்து மின்தடைச் சோதனை வரை

கரன்ட் போனாலும் தரவைக் காக்கும் நினைவகமான ஃப்ளாஷ் சிப்பில் 1 ஆக இருக்கும் பிட்டை 0 ஆக்குவது எளிது. அதைத் திரும்ப 1 ஆக்க வேண்டுமானால் அந்த பிட் இருக்கும் பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும். ஃப்ளாஷில் நார், நேண்ட் என்று இரண்டு வகை. நார் சிப்பில் அந்த பிளாக் 4 கிலோபைட்டாக இருக்கலாம். நேண்ட் சிப்பில் 128 கிலோபைட்டாக இருக்கலாம். ஒவ்வொரு அழிப்பும் பிளாக்கைக் கொஞ்சம் தேய்க்கிறது. அழிக்கும்போதோ எழுதும்போதோ கரன்ட் போனால் அந்த இடத்தில் மிஞ்சுவது பழைய தரவும் அல்ல, புதிய தரவும் அல்ல. கோப்புகளைச் சிப்பில் எங்கே, எப்படி வைப்பது என்று நிர்வகிக்கும் மென்பொருள்தான் கோப்பு முறைமை. ஃப்ளாஷுக்கென்று எழுதப்பட்ட கோப்பு முறைமைகள் எல்லாம் இந்த மூன்று உண்மைகளுக்கும் விடை சொல்லத்தான் பிறந்தன.

அதனால் வேகத்தை ஒப்பிடும் அட்டவணையிலிருந்து தேர்வைத் தொடங்க வேண்டாம். பலகையில் எந்த சிப் இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதப் போகிறோம், கரன்ட் எந்த நிலையில் போகக்கூடும் என்ற வரிசையில் போனால் கடைசியில் ஒன்றிரண்டு பெயர்கள்தான் மிஞ்சும். இங்கே கிலோபைட் என்றால் 1024 பைட், மெகாபைட் என்றால் 1024 கிலோபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சிப்பை யார் நிர்வகிக்கிறார்கள் என்று பாருங்கள்

இஎம்எம்சி (பலகையிலேயே பற்றவைக்கப்படும் சேமிப்புச் சிப்), எஸ்டி கார்டு, யுஎஸ்பி டிரைவ் ஆகியவற்றுக்குள் நேண்ட்டுடன் ஒரு கன்ட்ரோலரும் இருக்கிறது. கெட்ட பிளாக்குகளை ஒதுக்குவது, பிழை திருத்துவது, தேய்மானத்தைப் பரப்புவது எல்லாம் அதன் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு சாதாரண டிஸ்க். வெறும் நேண்ட், வெறும் நார் சிப்புகளில் அப்படி யாரும் இல்லை. அந்த வேலை முழுவதும் உங்கள் மென்பொருளின் தலையில் விழுகிறது.

லினக்ஸ் ஓடும் பலகையில் இதை ஒரே நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ப்ராக் அடைவில் உள்ள எம்டிடி (/proc/mtd) என்ற கோப்பைத் திறந்து பாருங்கள்; எம்டிடி என்பது வெறும் ஃப்ளாஷுக்கான லினக்ஸ் அடுக்கு. அதில் பார்ட்டிஷன்களும் அழிப்பு பிளாக் அளவும் தெரிந்தால் உங்களிடம் இருப்பது வெறும் ஃப்ளாஷ். டெவ் அடைவில் எம்எம்சிபிஎல்கே (/dev/mmcblk) என்று தொடங்கும் பெயர் இருந்தால் கன்ட்ரோலர் உள்ள ஃப்ளாஷ்.

எட்டு கால் எஸ்பிஐ (சில கம்பிகளே போதுமான தொடர் இணைப்பு) சிப்பைப் பார்த்ததும் நார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எஸ்பிஐ நேண்ட்டும் அதே உருவத்தில் வருகிறது. உள்ளே 2 கிலோபைட் பக்கம் (ஒரே தடவையில் எழுதும் அலகு), 128 கிலோபைட் பிளாக், தொழிற்சாலையிலேயே குறிக்கப்பட்ட கெட்ட பிளாக்குகள் எல்லாம் உண்டு. நாருக்கு எழுதிய நிரல் அதன் மேல் சரியாக ஓடாது.

இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு, வெறும் நேண்ட் மேல் எம்டிடி-பிளாக் (ஃப்ளாஷை டிஸ்க்போலக் காட்டும் அடுக்கு) வழியாக, டிஸ்குக்கான கோப்பு முறைமையாகிய ஈஎக்ஸ்டி4 போடுவது. முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ஆனால் எம்டிடி-பிளாக் அடுக்குக்குக் கெட்ட பிளாக் என்றால் என்னவென்றே தெரியாது, தேய்மானத்தையும் பரப்பாது. 4 கிலோபைட்டை மாற்ற 128 கிலோபைட்டைப் படித்து, அழித்து, திரும்ப எழுதும். அழித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே கரன்ட் போனால், நீங்கள் தொடாத கோப்புகளும் சேர்ந்து போகும். மறுபக்கத்தில், இஎம்எம்சி மேல் வெறும் நேண்ட்டுக்கான கோப்பு முறைமையாகிய யூபிஐஎஃப்எஸ் போட வழி தேடுவதும் வீண்: ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலர் செய்யும் வேலையை இன்னொரு முறை செய்து எழுத்தை, அதாவது ஃப்ளாஷில் எழுதும் அளவை, பெருக்குகிறீர்கள்.

படி 2: டேட்டாஷீட்டிலிருந்து எண்களை எடுத்து எழுதுங்கள்

பக்க அளவு, அழிப்பு பிளாக் அளவு, தாங்கும் அழிப்புகளின் எண்ணிக்கை, தேவையான இசிசி (பிழை திருத்தும் குறியீடு) வலிமை, உறுதியளிக்கப்பட்ட நல்ல பிளாக்குகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை, இயங்கும் குறைந்தபட்ச மின்னழுத்தம், அழிப்புக்கான அதிகபட்ச நேரம். இவ்வளவும் வேண்டும்.

பரவலாகப் பயன்படும் வின்பாண்ட் டபிள்யூ25க்யூ128 நார் சிப்பை எடுத்துக்கொண்டால் 16 மெகாபைட், 256 பைட் பக்கம், 4 கிலோபைட் செக்டர் (நாரில் அழிப்பு பிளாக்கின் பெயர்), செக்டருக்கு 1,00,000 அழிப்பு, குறைந்தது 2.7 வோல்ட். ஒரு செக்டரை அழிக்க வழக்கமாக 45 மில்லிவினாடி ஆகும் என்று போட்டிருக்கும்; பக்கத்திலேயே அதிகபட்சம் 400 என்றும் இருக்கும். டிரைவரின் காத்திருப்பு வரம்பையும் வாட்ச்டாக் (உறைந்துபோன கருவியை ரீசெட் செய்யும் கடிகாரம்) நேரத்தையும் இரண்டாவது எண்ணை வைத்தே அமையுங்கள். சிப் தேயத் தேய அழிப்பு மெதுவாகும். மேசை மேல் இருக்கும் புதுச் சிப்பில் இது ஒருபோதும் தெரியாது.

1 ஜிகாபிட் எஸ்எல்சி (செல்லுக்கு ஒரு பிட்) நேண்ட்டில் 1024 பிளாக்குகள் இருக்கும். அவற்றில் 1004 மட்டுமே நல்லவை என்று உறுதி தருவது வழக்கம். மீதி 20 முதல் நாளிலேயே கெட்டிருக்கலாம், போகப்போகக் கெடலாம். பழைய எஸ்எல்சி சிப்புகளுக்கு 512 பைட்டுக்கு 1 பிட் திருத்தம் போதுமாக இருந்தது. பின்னால் வந்தவை 4 அல்லது 8 பிட் கேட்கின்றன. விலை குறைந்த மாற்றுச் சிப்பைப் பலகையில் போடும்போது இந்த ஒரு வரியைப் பார்க்காமல் விட்டால், சோதனையில் தேறிய கருவிகள் ஓரிரு ஆண்டுகளில் வரிசையாக விழும்.

எம்எல்சி (செல்லுக்கு இரண்டு பிட்) வகை வெறும் நேண்ட் என்றால் இங்கேயே நின்று சிப்பை மாற்றுங்கள். அதில் ஒரே செல்லை இரண்டு பக்கங்கள் பகிர்கின்றன. ஒரு பக்கத்தை எழுதும்போது கரன்ட் போனால், முன்பே பத்திரமாக எழுதி முடித்த அதன் ஜோடிப் பக்கமும் கெடும். 2018 முதல், வெறும் ஃப்ளாஷின் தேய்மானத்தையும் கெட்ட பிளாக்குகளையும் நிர்வகிக்கும் லினக்ஸின் யூபிஐ அடுக்கு எம்எல்சி நேண்ட்டை ஏற்க மறுக்கிறது. அது சரியான முடிவு.

படி 3: எழுத்துக் கணக்கு போடுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். கருவிகள் சாவதும் பெரும்பாலும் இங்கேதான். உண்மையான தரவு எத்தனை பைட் என்பதைவிட, அது எத்தனை தடவை ஃப்ளாஷுக்குப் போகிறது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஒரு மின்அளவிப் பதிவுக் கருவி வினாடிக்கு ஒரு முறை 100 பைட் பதிவு செய்கிறது என்று கொள்வோம். மைக்ரோகன்ட்ரோலர், நார் சிப்பில் 256 கிலோபைட் பார்ட்டிஷன், லிட்டில்எஃப்எஸ் என்ற சிறிய கோப்பு முறைமை. ஒவ்வொரு பதிவுக்கும் சிங்க் (தரவை உடனே ஃப்ளாஷுக்கு அனுப்பும் கட்டளை) அழைக்கிறோம். லிட்டில்எஃப்எஸ் எழுதிய இடத்தின் மேலேயே எழுதாது. கோப்பின் கடைசி பிளாக் பாதி நிரம்பியிருந்தால், அடுத்த சேர்ப்பின்போது அதைப் புதிய பிளாக்குக்கு நகலெடுத்துவிட்டுத்தான் தொடரும். ஆக 100 பைட்டுக்கு ஒரு 4 கிலோபைட் செக்டர் அழிகிறது. நாளைக்கு 86,400 அழிப்பு. பார்ட்டிஷனில் 64 செக்டர். ஒவ்வொன்றும் 1,00,000 தாங்கும். மொத்தம் 64 லட்சம். தேய்மானம் துல்லியமாகப் பரவினாலும் 74 நாளில் முடிந்துவிடும். அடைவுப் பதிவுகளுக்கான எழுத்தை இதில் சேர்க்கவே இல்லை.

அதே தரவை ரேமில் 40 பதிவுகள் சேரும்வரை வைத்திருந்து, ஏறத்தாழ ஒரு செக்டர் அளவுக்கு ஒன்றாக எழுதினால் நாளைக்கு 2,160 அழிப்புதான். ஆயுள் எட்டு ஆண்டு. விலை என்ன? கரன்ட் போனால் கடைசி 40 வினாடித் தரவு போகும். அது ஏற்கத்தக்கதா என்பதை வாடிக்கையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு வினாடி கூடப் போகக் கூடாது என்றால், லாகுக்குக் கோப்பு முறைமையே வேண்டாம். தனிப் பார்ட்டிஷனில் வட்ட இடையகம் அமையுங்கள்: பதிவை 128 பைட்டாக்கி, வரிசை எண்ணும் சிஆர்சியும் (தரவு கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சேர்த்து, செக்டருக்கு 32 பதிவு. செக்டர் நிரம்பினால் அடுத்ததை அழித்துத் தொடர வேண்டும். அழிப்பு 32 வினாடிக்கு ஒன்று, நாளைக்கு 2,700. அதே 256 கிலோபைட்டில் ஆறு ஆண்டுக்கு மேல் ஓடும், ஒவ்வொரு வினாடியும் பத்திரம். துவக்கத்தில் எல்லாச் செக்டர்களின் முதல் பதிவையும் படித்து, பெரிய வரிசை எண் எங்கே என்று தேடினால் எழுதும் இடம் கிடைத்துவிடும். இருநூறு வரி சி நிரலில் முடிகிற வேலை இது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில புதிய நார் சிப்புகளில் உள்ளேயே இசிசி இருக்கும், அவற்றில் 16 பைட் தொகுதி ஒன்றை ஒரு முறைக்கு மேல் எழுதக் கூடாது. பதிவு அளவை 16-இன் மடங்காக வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

லினக்ஸ் பக்கத்திலும் இதே கணக்குதான். இஎம்எம்சி மேல் ஈஎக்ஸ்டி4 வைத்து, 100 பைட் சேர்த்து ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் (லினக்ஸின் சிங்க் கட்டளை) அழைத்தால், தரவுக்கு 4 கிலோபைட்டும் ஜர்னலுக்கு (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் இடம்) மூன்று 4 கிலோபைட் தொகுதிகளும் போகும். நாளைக்கு 8 மெகாபைட் தரவுக்கு ஏறத்தாழ 1,350 மெகாபைட் எழுத்து. கன்ட்ரோலர் தன் பெரிய பக்கங்களுக்காக இதை உள்ளே இன்னும் பெருக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை சேர்த்து எழுதினால் அது 30 மெகாபைட் அளவுக்கு இறங்கிவிடும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் 8 ஜிகாபைட் இஎம்எம்சி தொடர்ந்து எழுதப்பட்டுத் தேய்ந்துபோனதால் நடுத்திரை செயலிழந்து, பின்பக்கக் கேமரா படமும் கண்ணாடிப் பனி நீக்கும் கட்டுப்பாடும் போயின. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

படி 4: படிப்பதையும் எழுதுவதையும் பிரியுங்கள்

இயங்குதளமும் நிரல்களும் படிக்க மட்டுமேயான பகுதியில் இருக்கட்டும். அமைப்புக் கோப்புகளும் தரவும் தனியாக எழுதும் பகுதியில். தற்காலிகக் கோப்பும் கணினி லாகும் ரேமில். இப்படிப் பிரித்துவிட்டால், தரவுப் பகுதி முழுவதும் கெட்டாலும் கருவி பூட் ஆகி, தரவுப் பகுதியைப் புதிதாக அமைத்துக்கொண்டு, நடந்ததைத் தெரிவிக்க முடியும். பிரிக்காத கருவிக்கு ஆள் அனுப்பத்தான் வேண்டும்.

படிக்க மட்டுமேயான பகுதிக்கு, தரவைச் சுருக்கிவைக்கும் கோப்பு முறைமையான ஸ்குவாஷ்எஃப்எஸ் போதும். அதன் இயல்பான தொகுதி அளவு 128 கிலோபைட்; 4 கிலோபைட் வேண்டுமென்றாலும் முழுத் தொகுதியையும் விரித்தாக வேண்டும். 64 மெகாபைட் ரேம் உள்ள பலகையில் பூட் தடுமாறினால் தொகுதியை 32 கிலோபைட்டாகக் குறைத்துப் பாருங்கள். இமேஜ் (ஃப்ளாஷில் அப்படியே ஏற்றும் கோப்பு) சற்றுப் பெரிதாகும், ரேம் நெருக்கடி தணியும். ஈரோஎஃப்எஸ் இந்தக் குறையைத் தீர்க்கவே எழுதப்பட்டது, 2019-இல் லினக்ஸ் 5.4-இல் முதன்மைக் கிளைக்கு வந்தது. புதிய கர்னல், இஎம்எம்சி என்றால் அதையும் அளந்து பார்க்கலாம். தொலைவிலிருந்து மேம்படுத்துவீர்கள் என்றால் இயங்குதளத்தின் ஏ, பி என்ற இரண்டு நகல்களுக்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள். பிறகு சேர்ப்பது மிகக் கடினம்.

படி 5: இப்போது பெயரைத் தேர்ந்தெடுங்கள்

மைக்ரோகன்ட்ரோலர், எஸ்பிஐ நார்

லிட்டில்எஃப்எஸ். ஆர்ம் எம்பெட் குழுவிலிருந்து 2017-இல் வந்தது. எந்த நொடியில் கரன்ட் போனாலும் பழைய நிலையோ புதிய நிலையோ முழுதாக இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள்; கோப்புகள் எவ்வளவு பெருகினாலும் ரேம் தேவை பெருகாது. 16 மெகாபைட் நார் சிப்புக்குத் தொடக்க அமைப்பு: பிளாக் அளவு 4096, பிளாக் எண்ணிக்கை 4096, படிப்பு அளவும் எழுத்து அளவும் 16, கேஷ் 256, லுக்அஹெட் 512 பைட், பிளாக்-சைக்கிள் 500. லுக்அஹெட்டின் ஒவ்வொரு பைட்டும் எட்டு பிளாக்குகளைப் பார்க்கும். 512 பைட் என்றால் சிப் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். ரேம் குறைவென்றால் 64 ஆக்கலாம், ஆனால் காலி இடம் தேடும் வேலை அடிக்கடி நடந்து எழுத்து திடீரென்று நிற்பதுபோல் தெரியும். பிளாக்-சைக்கிளை -1 ஆக்கினால் அடைவுப் பதிவு பிளாக்குகளை இடம் மாற்றும் வேலை நின்றுபோகும். வேகம் கூடியது என்று மகிழ்ந்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

இதன் பலவீனங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய கோப்பின் நடுவில் ஒரு பைட்டை மாற்றினால் அந்த இடத்திலிருந்து கடைசிவரை புதிதாக எழுதும். ஒவ்வொரு அடைவும் இரண்டு பிளாக் எடுக்கும். அசையாமல் கிடக்கும் கோப்பின் பிளாக்குகளை அது தானாக நகர்த்தித் தேய்மானத்தைச் சமன்படுத்தாது. ஆகவே 90 விழுக்காடு நிலையான தரவால் நிரப்பினால், மீதி 10 விழுக்காடுதான் அத்தனை எழுத்தையும் தாங்கும். படி 3-இல் போட்ட கணக்கைக் காலி இடத்தை மட்டும் வைத்துத் திரும்பப் போடுங்கள்.

இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் பயனர்கள் பழக்கத்தால் ஸ்பிஃப்ஸ் என்ற கோப்பு முறைமையை எடுக்கிறார்கள். அதில் உண்மையான அடைவுகள் கிடையாது; பார்ட்டிஷனில் ஏறத்தாழ 75 விழுக்காட்டுக்கு மேல் நம்பி நிரப்ப முடியாது; நிரம்பும்போது ஒரு எழுத்து பல வினாடி எடுக்கும். புதிய வேலைக்கு வேண்டாம். நான்கைந்து அமைப்பு எண்களைச் சேமிக்கத்தான் என்றால் அதே சூழலில் உள்ள என்விஎஸ் என்ற சிறு சேமிப்பகம் போதும்.

லினக்ஸ், 8 முதல் 32 மெகாபைட் நார்

ஸ்குவாஷ்எஃப்எஸ் மேல், எழுதக்கூடிய ஜெஎஃப்எஃப்எஸ்2 அடுக்கு. ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டர்கள் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கின்றன. ஜெஎஃப்எஃப்எஸ்2 மவுண்ட் ஆகும்போது பகுதியை முழுதாக அலசும், அதன் குறியீட்டை ரேமில் வைக்கும். அதனால் சிறிய பகுதிக்கு மட்டுமே பொருந்தும். ஐந்து அழிப்பு பிளாக்காவது தனக்கென்று காலியாகக் கேட்கும்.

இங்கே பலரைச் சிக்கவைக்கும் இடம் ஒன்று உண்டு. கர்னலில் 4 கிலோபைட் செக்டர் தேர்வு இயல்பாகவே இயங்குகிறது. ஜெஎஃப்எஃப்எஸ்2-க்குக் குறைந்தது 8 கிலோபைட் பிளாக் வேண்டும். இமேஜையும் பெரும்பாலும் 64 கிலோபைட்டுக்கே செய்திருப்பீர்கள். பொருந்தாவிட்டால் 0x1985 என்ற அடையாள எண் காணவில்லை என்று திரை நிறையச் செய்தி ஓடும். கர்னலில் அந்தத் தேர்வை அணைத்து, எம்டிடி காட்டும் பிளாக் அளவும் இமேஜ் செய்த அளவும் ஒன்றா என்று சரிபாருங்கள். இன்னொன்று: எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் வால் (WAL) முறைக்கு, கோப்பை ரேமில் பொருத்திப் பகிர்ந்து எழுதும் எம்மேப் வேண்டும், ஜெஎஃப்எஃப்எஸ்2-இல் அது இல்லை. ஆகவே பழைய ரோல்பேக் ஜர்னல் முறையிலேயே வையுங்கள்.

லினக்ஸ், வெறும் எஸ்எல்சி நேண்ட்

யூபிஐ அடுக்கு, அதன் மேல் யூபிஐஎஃப்எஸ். யூபிஐ 2007-இல் லினக்ஸ் 2.6.22-இலும், நோக்கியாவும் செகெட் பல்கலைக்கழகமும் சேர்ந்து எழுதிய யூபிஐஎஃப்எஸ் 2008-இல் 2.6.27-இலும் கர்னலுக்குள் வந்தன. இந்த இடத்தில் வேறு பெயரைத் தேட வேண்டிய காரணம் எனக்குத் தெரிந்து அரிது. ஆனால் அமைக்கும்போது எண்கள் பிசகக் கூடாது.

256 மெகாபைட் சிப், 2 கிலோபைட் பக்கம், 128 கிலோபைட் பிளாக், மொத்தம் 2048 பிளாக் என்று வையுங்கள். பூட்லோடருக்கு (இயங்குதளத்தைத் துவக்கும் நிரல்) 4 மெகாபைட், அதாவது 32 பிளாக் போக 2016. மீதி முழுவதையும் ஒரே யூபிஐ பார்ட்டிஷனாகக் கொடுங்கள். ரூட்டுக்கு (இயங்குதளப் பகுதிக்கு) ஒன்று, தரவுக்கு ஒன்று என்று எம்டிடி மட்டத்தில் பிரிக்காதீர்கள். ஒரே யூபிஐ என்றால் அசையாத ரூட் பகுதியின் பிளாக்குகளும் தரவின் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ளும். பிரித்தால் அந்த நன்மை போய்விடும்.

யூபிஐ ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு தலைப்புகளை எழுதுகிறது. துணைப்பக்கம் (பக்கத்தின் தனியாக எழுதக்கூடிய துண்டு) இல்லாத சிப்பில் அவை இரண்டு பக்கம் எடுக்கும்: 131072-இல் 4096 போக 126976 பைட். கெட்ட பிளாக்குகளுக்காக 1024-க்கு 20 வீதம் 40 பிளாக்கும், தன் சொந்த வேலைக்கு 4 பிளாக்கும் ஒதுக்கும். கையில் 1972 பிளாக், ஏறத்தாழ 238.8 மெகாபைட். ரூட் ஏ, ரூட் பி தலா 40 மெகாபைட் என்றால் தலா 331 பிளாக். தரவுக்கு 1310 பிளாக், அதாவது 158 மெகாபைட்டுக்குச் சற்று மேல்.

இமேஜ் செய்யும் வரிசை இது. முதலில் எம்கேஎஃப்எஸ்-யூபிஐஎஃப்எஸ் கருவியில் குறைந்தபட்ச எழுத்து 2048, தருக்க பிளாக் 126976, அதிகபட்ச பிளாக் எண்ணிக்கையாக இப்போதைய அளவைவிடக் கொஞ்சம் கூடுதல். பிறகு யூபிநைஸ் கருவியில் பௌதிக பிளாக் 131072, பக்கம் 2048, துணைப்பக்கமும் 2048. தரவுப் பகுதிக்கு, இருக்கும் இடத்துக்கு ஏற்ப விரியும் ஆட்டோரீசைஸ் கொடி கட்டாயம்: ஒவ்வொரு சிப்பிலும் கெட்ட பிளாக்குகளின் எண்ணிக்கை வேறு; அளவை இறுக்கிப் பிடித்தால் ஒரு பலகையில் ஏறிய இமேஜ் அடுத்த பலகையில் ஏறாது. ரூட்டில் ஸ்குவாஷ்எஃப்எஸ் வைக்க விரும்பினால் யூபிஐ-பிளாக் வழியாக மவுண்ட் செய்யுங்கள்.

தொழிற்சாலையில் எழுதும்போது வரும் கேடு நுட்பமானது. இமேஜில் காலி இடங்கள் 0xFF ஆக நிரம்பியிருக்கும். சாதாரண எழுதும் கருவி அந்தக் காலிப் பக்கத்தையும் எழுதிவிடும். கூடவே அதற்கான இசிசியும் பதிவாகும். பிறகு யூபிஐஎஃப்எஸ் அதைக் காலி என்று நம்பி எழுதும்போது, ஒரே பக்கம் இரு முறை எழுதப்பட்டு இசிசி பொருந்தாமல் போகும். கருவி முதல் பூட்டில் ஓடும், சில நாளில் திருத்த முடியாத பிழை வரும். லினக்ஸிலிருந்து எழுதினால் யூபிஃபார்மேட் பயன்படுத்துங்கள். யூ-பூட் என்ற பூட்லோடரிலிருந்து என்றால் காலிப் பக்கங்களை விட்டுவிடும் டிரிம்எஃப்எஃப்எஸ் வகை எழுத்து. இரண்டும் உங்கள் கையில் இல்லையென்றால், இமேஜ் செய்யும்போதே காலி இடத்தைச் சரிசெய்யும் எஃப் (-F) கொடியைப் போடுங்கள். முதல் மவுண்ட்டில் அது தானே திருத்திக்கொள்ளும். மறு எழுத்துக்கும் ஃப்ளாஷ்-இரேஸ் வேண்டாம். அது அழிப்பு எண்ணிக்கைகளைத் துடைத்துவிடும், யூபிஃபார்மேட் அவற்றைக் காத்துவைக்கும்.

பூட்லோடரும் கர்னலும் ஒரே இசிசி முறையைப் பயன்படுத்துகின்றனவா என்பதை முதல் நாளே சோதியுங்கள். ஒன்று 1 பிட் ஹாமிங், மற்றொன்று 4 பிட் பிசிஎச் என்றால் ஒன்று எழுதியதை இன்னொன்றால் படிக்க முடியாது. பார்ப்பவருக்குச் சிப் கெட்டதுபோலத் தோன்றும்.

யூபிஐஎஃப்எஸ்-இல் டிஎஃப் கட்டளை காட்டும் காலி இடத்தை அப்படியே நம்பாதீர்கள். தரவு எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டித் தெரியாததால் அது குறைத்தே சொல்லும். நிரலில் காலி இடத்தைக் கணக்கிட்டு முடிவெடுப்பதைவிட, எழுதிப் பார்த்து இடமில்லை என்ற பிழையைச் சரியாகக் கையாள்வது மேல்.

இஎம்எம்சி, எஸ்டி கார்டு

தரவுப் பகுதிக்கு ஈஎக்ஸ்டி4, நோஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தை எழுதாதே என்ற) தேர்வுடன், ஜர்னலோடு. ஜர்னலை அணைத்து ஆயுளைக் கூட்டலாம் என்ற அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. கரன்ட் போகும் கருவியில் அதைச் செய்யாதீர்கள். எழுத்தைக் குறைக்கும் இடம் உங்கள் நிரல். சாம்சங் எழுதி 2013-இல் லினக்ஸ் 3.8-இல் வந்த எஃப்2எஃப்எஸ், சிறு சிறு சீரற்ற எழுத்து அதிகமுள்ள இடத்தில் வேகமானது. பழுதுபார்க்கும் கருவியின் முதிர்ச்சியில் ஈஎக்ஸ்டி4 முன்னால் நிற்கிறது. அளந்து பார்த்து வேறுபாடு பெரிதாக இருந்தால் மட்டும் மாறுங்கள். பார்ட்டிஷன்களை 4 மெகாபைட் எல்லையில் தொடங்குங்கள். காலி இடங்களைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் எஃப்எஸ்டிரிம் வாரம் ஒரு முறை. பல இஎம்எம்சிகளில் ஒரு பகுதியை எஸ்எல்சிபோல இயங்கவைக்கலாம்: எம்எல்சி சிப்பில் கொள்ளளவு பாதியாகும், ஆயுள் பல மடங்காகும். அந்த அமைப்பை ஒரு முறைதான் செய்ய முடியும், திருப்ப முடியாது. ஆகவே தொழிற்சாலை வரிசையிலேயே சேருங்கள்.

ஃபேட் கோப்பு முறைமை வேண்டியது ஒரே இடத்தில்: பயனர் கார்டைக் கழற்றிக் கணினியில் செருகிப் படிக்கும்போது. அதில் இரண்டு ஃபேட் அட்டவணைகள் இருப்பது மின்தடைக்குப் பாதுகாப்பு ஆகாது. அட்டவணையும் அடைவுப் பதிவும் தனித்தனியாக மாறுகின்றன, நடுவில் நின்றால் கோப்பு அறுந்துவிடும்.

படி 6: நிரல் எழுதும் முறையைத் திருத்துங்கள்

எந்தக் கோப்பு முறைமையும் தவறான நிரலைக் காப்பாற்றாது. அமைப்புக் கோப்பை மாற்றும் சரியான வரிசை: அதே அடைவில் தற்காலிகக் கோப்பைத் திற, முழுதும் எழுதி, எழுதிய அளவைச் சரிபார், எஃப்சிங்க் அழைத்து அதன் விடையைப் பார், மூடு, பழைய பெயருக்கு ரீநேம் செய், பிறகு அடைவைத் திறந்து அதற்கும் எஃப்சிங்க்.

எஃப்சிங்க் இல்லாமல் ரீநேம் மட்டும் செய்தால், யூபிஐஎஃப்எஸ்-இல் மின்தடைக்குப் பின் பூஜ்ய பைட் கோப்பு கிடைப்பது இயல்பு. ஈஎக்ஸ்டி4 இந்த ஒரு சூழலைத் தானே சமாளிப்பதால், கணினியில் சோதித்தவர்களுக்கு இது தெரிவதே இல்லை. ஷெல் ஸ்கிரிப்டில் செட் (sed) கட்டளையின் ஐ (-i) தேர்வால் கோப்பை மாற்றுவதும் இதே வகை: ரீநேம் உண்டு, எஃப்சிங்க் கிடையாது. முக்கியமான அமைப்புக்கு சிஆர்சியோடு முந்தைய நல்ல நகலையும் வைத்திருங்கள்.

படி 7: மின்பக்கத்தைக் கவனியுங்கள்

கரன்ட் பெரும்பாலும் படக்கென்று போவதில்லை, சரிந்து போகிறது. நார் சிப்புக்கு 2.7 வோல்ட் வேண்டும். பிராசஸர் அதற்குக் கீழும் ஓடி, தவறான கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருக்கலாம். சிப்பின் வரம்புக்கு மேலேயே பிராசஸரை நிறுத்தும் ரீசெட் கண்காணிப்பு ஐசி ஒன்று போடுங்கள், அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மிச்ச வேலையை முடிக்க 100 மில்லிவினாடி வேண்டுமென்றால் மின்தேக்கி கணக்கு இது: உள்ளீடு 12 வோல்ட், ரெகுலேட்டர் 6 வோல்ட் வரை தாங்கும், சுமை 2 வாட். தேவை 0.2 ஜூல். இரு மடங்கு ஆற்றலை மின்னழுத்த வர்க்கங்களின் வேறுபாட்டால், அதாவது 144-இல் 36 போன 108-ஆல் வகுத்தால் 3,700 மைக்ரோஃபாரட். ரெகுலேட்டர் திறன் 85 விழுக்காடு என்றால் 4,360. மின்தேக்கி 20 விழுக்காடு குறைந்தே வரலாம் என்பதால் 4,700 போதாது, 6,800 போடுங்கள். அதோடு உள்ளீட்டு மின்னழுத்தம் இறங்குவதைச் சொல்லும் ஒரு இன்டரப்ட் இருந்தால்தான் இந்த நேரத்தால் பயன் உண்டு.

படி 8: கரன்ட்டைப் பிடுங்கிச் சோதியுங்கள்

ரிலே அல்லது மாஸ்ஃபெட் வழியாகக் கருவியின் மின்சாரத்தை வேறொரு கன்ட்ரோலர் சீரற்ற நேரங்களில் வெட்டட்டும். கருவி வரிசை எண்ணும் சிஆர்சியும் உள்ள பதிவுகளை எழுதி, எஃப்சிங்க் முடிந்த பிறகே அந்த எண்ணை சீரியல் வழியே வெளியே சொல்ல வேண்டும். திரும்ப எழுந்ததும், வெளியே சொன்ன எண்கள் எல்லாம் ஃப்ளாஷில் இருக்கின்றனவா, பாதிப் பதிவு ஏதாவது உண்டா என்று பாருங்கள். ஒரு சுற்று 40 வினாடி என்றால் 1000 வெட்டு ஓர் இரவில் முடியும். முதல் பூட்டின் நடுவிலும், மேம்படுத்தலின் நடுவிலும், பகுதி நிரம்பியிருக்கும்போதும் வெட்டுங்கள். மின்னழுத்தத்தை ஒரு வினாடிக்கு மேல் மெல்ல இறக்கும் சோதனையும் தனியாக வேண்டும்: அழிப்பின் நடுவில் நின்ற பிளாக் ஒரு முறை காலியாகவும் மறுமுறை குப்பையாகவும் படிக்கக் கிடைக்கும், ரிலே சோதனை அதை எப்போதாவதுதான் பிடிக்கும்.

வன்பொருள் வரும் முன்பே நேண்ட் சிப்பைப்போல நடிக்கும் நேண்ட்சிம் கர்னல் மாட்யூலில் கெட்ட பிளாக், பிட் புரளல் எல்லாவற்றையும் உண்டாக்கி நிரலைச் சோதிக்கலாம்.

நிரப்பும் சோதனையை விடாதீர்கள். 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதற்குக் காரணம், ஃப்ளாஷில் சேர்ந்துபோன கோப்புகளின் அடைவு அமைப்பு ரேமில் இடம் கொள்ளாமல் போனது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை உண்டாக்கி, பகுதியை 95 விழுக்காடு நிரப்பி, பூட் நேரமும் ரேமும் எவ்வளவு என்று குறித்து வையுங்கள்.

படி 9: களத்தில் தேய்மானத்தை எண்ணுங்கள்

யூபிஐ தன் சிஸ்எஃப்எஸ் (/sys) அடைவில் அதிகபட்ச அழிப்பு எண்ணிக்கை, கெட்ட பிளாக் எண்ணிக்கை, மிச்சமுள்ள ஒதுக்கீடு மூன்றையும் காட்டுகிறது. இஎம்எம்சி 5.0 முதல் ஆயுள் மதிப்பீடு பத்து விழுக்காட்டுப் படிகளில் கிடைக்கிறது: 0x01 என்றால் முதல் பத்து விழுக்காட்டுக்குள், 0x0B என்றால் ஆயுள் முடிந்தது. கூடவே வரும் முன்னெச்சரிக்கைப் பதிவு 0x02 ஆனால் ஒதுக்கீட்டு பிளாக்குகளில் 80 விழுக்காடு தீர்ந்துவிட்டது. இந்த எண்களை நாளுக்கு ஒரு முறை சர்வருக்கு அனுப்புங்கள். முதல் மாதத்து எண்ணைப் படி 3-இன் கணக்கோடு ஒப்பிடுங்கள். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு நிரல் உங்களுக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறது, ப்ராக் அடைவில் அந்தந்த நிரலின் ஐஓ கணக்கைப் பார்த்தால் அகப்படும்.

நேண்ட்டில் மாதம் ஒரு முறை எல்லாப் பகுதிகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடுங்கள். படிக்கும்போதுதான் புரண்ட பிட்டுகள் தெரியும். தெரிந்தால்தான் யூபிஐ அந்த பிளாக்கை வேறிடத்துக்கு மாற்றும். ஏ, பி ஏற்பாட்டில் ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கும் மாற்று நகலுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் அது தேவைப்படும் நாளில்தான் முதல் முறையாகப் படிக்கப்படும்.